குட்டித் தீவனத்தில் புரதத்தைக் கூட்டலாமா? கடலைப் புண்ணாக்கும் லைசின் கணக்கும்

கேள்வி, ஈரோடு பக்கத்திலிருந்து. 11 ஜூன் 2023

அண்ணா, 6 தாய்ப்பன்றி வைத்திருக்கிறேன், எல்லாம் வெண்பன்றி. குட்டிகளை 35 நாளில் தாயிடமிருந்து பிரிக்கிறேன். தீவனம் சொந்த அரவை. 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 50, கடலைப் புண்ணாக்கு 35, அரிசித் தவிடு 13, தாது உப்பும் கல்லுப்பும் சேர்த்து 2. புரதம் 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆனாலும் குட்டிகள் எடை ஏறவில்லை. முடி சிலிர்த்து நிற்கிறது, கழிச்சலும் இருக்கிறது. புண்ணாக்கை 45 ஆக்கிப் புரதத்தைக் கூட்டினால் சரியாகுமா?

11 ஜூன், இரவு

கூட்டாதீர்கள் தம்பி. நாளைக்கே 45 போட்டுவிடுவீர்களோ என்று பயந்துதான் இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் கலவையைக் கணக்குப் போட்டேன். மக்காச்சோளத்திலிருந்து 4.5, கடலைப் புண்ணாக்கிலிருந்து 14.7, தவிட்டிலிருந்து 1.5. மொத்தம் 20.7 சதவீதப் புரதம். நீங்கள் சொன்னது சரி. இப்போது லைசினை மட்டும், அதாவது புரதம் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்றை மட்டும் கூட்டிப் பாருங்கள். மக்காச்சோளத்தில் லைசின் 0.25 சதவீதம், கடலைப் புண்ணாக்கில் 1.5, தவிட்டில் அரை. எல்லாம் சேர்ந்து 0.7 சதவீதம்தான் வருகிறது. 7 முதல் 11 கிலோ வரை உள்ள குட்டிக்குச் செரிக்கக்கூடிய லைசின் மட்டுமே 1.35 சதவீதம் வேண்டும் என்பது அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் (என்.ஆர்.சி.) 2012 அட்டவணை. உங்கள் குட்டிக்குப் பாதிதான் கிடைக்கிறது.

மக்காச்சோளத்தில் பத்தைக் குறைத்துப் புண்ணாக்கை 45 ஆக்கினால் புரதம் 24 ஆகும், லைசின் 0.84-க்குத்தான் வரும். பசி அப்படியே இருக்கும், கழிச்சல் கூடும்.

12 ஜூன், காலை

ஏன் கூடும் என்பதை நேற்று எழுதவில்லை.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கதம்பம் கட்டுவார்கள். மல்லி, கனகாம்பரம், மரு என்று வரிசை மாறாமல் தொடுக்க வேண்டும். மரு தீர்ந்துபோனால் கூடை நிறைய மல்லி இருந்தும் மாலை அதோடு நின்றுவிடும். மிச்சப் பூவைப் பத்திரப்படுத்தவும் முடியாது, சாயங்காலத்துக்குள் வாடிவிடும். குட்டியின் உடம்பு சதை வைப்பதும் இப்படித்தான். இருபது அமினோ அமிலங்களைக் கோத்துத்தான் புரதம் கட்டுகிறது. நம் ஊர் தானியத் தீனியில் முதலில் தீர்வது லைசின். அது தீர்ந்ததும் மற்றவை வீண். உடம்பு அவற்றை உடைத்து, நைட்ரஜனை யூரியாவாக்கிச் சிறுநீரில் தள்ளுகிறது. கொட்டிலில் விடியற்காலை கண் எரிகிற அந்த அம்மோனியா நெடி நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்குதான்.

கழிச்சல் வேறு வழியாக வருகிறது. பால் மறந்த குட்டிக்கு இரைப்பையில் அமிலம் போதாது, புரதத்தைச் செரிக்கும் நொதிகளும் முழுதாகச் சுரக்கத் தொடங்கியிருக்காது. செரிக்காத புரதம் பெருங்குடலுக்குப் போனால் அங்கே ஈகோலை போன்ற கிருமிகளுக்கு விருந்து. அதனால் கழிகிற குட்டிக்குப் புரதத்தை ஏற்றுவது எரிகிற அடுப்பில் இன்னொரு விறகைச் செருகுவதற்குச் சமம்.

12 ஜூன், மதியம்

“அப்படியானால் என்ன போடுவது” என்று கேட்டிருக்கிறீர்கள். கடலைப் புண்ணாக்கை எடுத்துவிட்டு அதே 35 கிலோவுக்கு எண்ணெய் நீக்கிய சோயா, அதாவது கடைகளில் டி.ஓ.சி. என்று சொல்வார்களே, அதைப் போடுங்கள். புரதம் 46 சதவீதம், லைசின் 2.8-க்கு மேல். மொத்தத் தீவனத்தில் லைசின் 1.2 ஆகிவிடும். அதன் மேல் லைசின் பொடி 300 கிராம் போட்டால் 0.3 கூடி 1.5 ஆகும். இன்னும் இரண்டு அமினோ அமிலங்கள், திரியோனின் 100 கிராம், மெத்தியோனின் 100 கிராம்.

12 ஜூன், இரவு

மதியம் எழுதியதில் இரண்டு தப்பு.

முதலாவது கணக்குத் தப்பு. கடையில் விற்கும் லைசின் பொடி ஹைட்ரோகுளோரைடு உப்பு. அதில் உண்மையான லைசின் 78 சதவீதம். ஆகவே 300 கிராம் போட்டால் 234 கிராம்தான் லைசின். 1.5 வராது, 1.4-க்குப் பக்கத்தில் நிற்கும்.

இரண்டாவது பெரிய தப்பு. 35 கிலோ சோயா என்பது 11 கிலோ எடை தாண்டிய குட்டிக்குச் சரி. பிரித்த முதல் இரண்டு வாரத்துக்கு அது அதிகம். சோயாவில் கிளைசினின், பீட்டா கான்கிளைசினின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. பழக்கமில்லாத குட்டியின் குடல் அவற்றை எதிரியாக நினைத்து வீங்கிக்கொள்ளும். உறிஞ்சும் விரல் போன்ற மடிப்புகள் தேய்ந்துபோகும். ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளும் இருக்கின்றன. கொண்டைக்கடலை தின்றால் நமக்கு வயிறு உப்புவதும் இவற்றால்தான். முதல் இரண்டு வாரம் நான் போடும் கலவை இது, 100 கிலோவுக்கு:

மக்காச்சோளம் 40, அரிசிக் குருணை 20, சோயா 24, நல்ல மீன் தூள் 6, கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 5, எண்ணெய் 2, மிச்சம் 3-இல் தாது உப்பு, டைகால்சியம் பாஸ்பேட், உப்பு, லைசின் 350 கிராம், திரியோனின், மெத்தியோனின். குருணையைப் பொங்கி ஆறவைத்துக் கலந்தால் இன்னும் நல்லது. அதைத் தினமும் செய்ய எல்லோராலும் முடியாது என்பது எனக்கும் தெரியும்.

இதில் புரதம் 21.5. உங்கள் பழைய தீவனத்தைவிட ஒரு புள்ளிகூட முழுதாக அதிகமில்லை. லைசின் மட்டும் இரண்டு மடங்கு. நான் சொல்ல வந்தது எல்லாம் இந்த ஒரு வித்தியாசம்தான்.

15 ஜூன்

சிவகங்கை நண்பர் கேட்கிறார்: கடலைப் புண்ணாக்கு எங்கள் ஊரில் மலிவு, அதோடு லைசின் பொடியை மட்டும் அதிகமாகப் போட்டுச் சமாளிக்க முடியாதா?

நான் செய்து பார்த்து அடிபட்டவன். 2021 நடுவில் சோயா விலை எப்படி ஏறியது என்று கோழிக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். நாமக்கல்லே ஆடிப்போனது. அந்த ஆகஸ்டில் மத்திய அரசு வெளிநாட்டு மரபணு மாற்றச் சோயாப் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய அனுமதித்தது. அதுவரை நான் காத்திருக்கவில்லை. இரண்டு ஈத்துக் குட்டிகளுக்குக் கடலைப் புண்ணாக்கும் 100 கிலோவுக்கு 900 கிராம் லைசினும் கலந்து போட்டேன். தாளில் லைசின் அழகாக வந்தது. குட்டிகளோ 70 நாளில் 14 கிலோ. வழக்கமாக எனக்கு 20 வரும்.

கால்நடை மருத்துவர் ஒருவர் வந்து தாளை வாங்கிப் பார்த்தார். “லைசினைக் கட்டிவிட்டீர்கள், திரியோனின் எங்கே?” என்று கேட்டார். லைசின் 100 என்றால் திரியோனின் 62-க்குக் குறையக்கூடாது, மெத்தியோனினும் சிஸ்டீனும் சேர்ந்து 55-க்கு மேல், டிரிப்டோபன் 16-க்கு மேல், வேலின் 65-க்கு மேல் வேண்டும். கடலையில் திரியோனினும் குறைவு, மெத்தியோனினும் குறைவு. ஒரு பூவை வாங்கிக் குவித்ததும் அடுத்த பூ தீர்ந்துவிட்டது. எல்லாப் பொடியையும் தனித்தனியாக வாங்கிப் போட்டால் சோயா விலையே தேவலை என்று ஆகிவிடும்.

வளர்ந்த பன்றிக்கு, 50 கிலோவுக்கு மேல், கடலைப் புண்ணாக்கு கொஞ்சம் போடலாம். குட்டிக்கு வேண்டாம்.

15 ஜூன், பிறகு

இட்லி நினைவு வந்தது. அரிசியில் லைசின் குறைவு, உளுந்தில் நிறைய. உளுந்தில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் பரவாயில்லை. நம் பாட்டிகள் அட்டவணை பார்த்து அரைக்கவில்லை, சேர்த்துச் சாப்பிட்டால் பிள்ளை தேறுகிறது என்று பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சோயாவோடு எள்ளுப் புண்ணாக்கு 3, 4 கிலோ சேர்ப்பதும் அதே மாதிரிதான். எள்ளில் மெத்தியோனின் அதிகம், லைசின் ரொம்பக் குறைவு. தனியாகப் போட்டால் உதவாது, சோயாவுக்குத் துணையாகப் போனால் உதவும்.

மக்காச்சோளப் புரதத்தின் குறையை 1914-லேயே ஆஸ்போர்னும் மெண்டலும் எலிகளை வைத்துக் காட்டிவிட்டார்கள். மக்காச்சோளத்தில் உள்ள ஜெயின் (zein) என்ற புரதம் மட்டும் கொடுத்தபோது எலிகள் மெலிந்தன. டிரிப்டோபன் சேர்த்ததும் மெலிவது நின்றது, ஆனால் வளரவில்லை. லைசினும் சேர்த்த பிறகுதான் வளர்ந்தன. நூறு வருஷத்துக்கு முந்தைய விஷயம். இன்னும் மூட்டையில் புரதச் சதவீதத்தை மட்டும் பார்த்துத்தான் வாங்குகிறோம்.

19 ஜூன்

ஈரோடு தம்பி, உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். “முடி சிலிர்த்து நிற்கிறது” என்று எழுதியிருந்தீர்கள். நான் லைசின் பித்தில் அதை அப்படியே தாண்டிப் போய்விட்டேன். கடலைப் புண்ணாக்கு என்றால் முதலில் கேட்க வேண்டியது அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. புண்ணாக்கு எப்போது வாங்கியது? மே மாத மழையில் நனைந்ததா? தரையில் அடுக்கியிருக்கிறீர்களா, பலகை மேலா?

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தன. காரணம் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அந்தத் தேடலில்தான் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சே தெரியவந்தது. பன்றிக்குட்டியின் கல்லீரல் இதை ரொம்பத் தாங்காது. பூஞ்சை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நஞ்சு இருக்கும். வெயிலில் காயவைத்தாலோ வேகவைத்தாலோ அது போய்விடாது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. மாதிரி கொடுத்துப் பாருங்கள். ஒரே மூட்டையின் மேலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டு போகாதீர்கள். பத்து மூட்டையில் நடுவிலும் அடியிலும் எடுத்து, ஒன்றாகக் கலந்து அரை கிலோ கொடுங்கள். பூஞ்சை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடிக்காது.

24 ஜூன்

மீன் தூள் பற்றி நாலு பேர் கேட்டுவிட்டீர்கள்.

நல்ல மீன் தூள் போல குட்டிக்கு ஏற்ற புரதம் நம் ஊரில் வேறில்லை. 60 சதவீதப் புரதம், லைசின் நாலரைக்கு மேல், மெத்தியோனினும் நிறைவாக. ஆனால் நல்லது கிடைப்பதுதான் பாடு. கடற்கரையில் மணலோடு கூட்டி அள்ளிய கருவாட்டுத் தூளும் அதே பெயரில்தான் வருகிறது. ஒரு முறை ஒரு வியாபாரியிடம் 5 மூட்டை வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஒரு பிடியைத் தண்ணீர் டம்ளரில் போட்டதும் கால் டம்ளருக்கு மணல் அடியில் இறங்கியது. உப்பும் அதிகம். உப்புக் கருவாடு தின்ற குட்டிக்குத் தண்ணீர் தொட்டி அரை நாள் காய்ந்தால் போதும், வலிப்பு வந்து சுற்றிச் சுற்றி விழும். அதைப் பார்த்தவனுக்கு மறக்காது.

இன்னொரு கலப்படம் யூரியா. ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். அப்படியானால் 100 கிலோ தூளில் ஒரு கிலோ யூரியா கலந்தால் தாளில் கிட்டத்தட்ட 2.9 கிலோ புரதம் கூடுதலாகத் தெரியும். மாட்டின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களாவது யூரியாவைப் பயன்படுத்தும், குட்டிக்கு அது ஒரு துளியும் உதவாது.

வீட்டிலேயே ஒரு சோதனை. பச்சைச் சோயாவில், அதாவது வறுக்காத சோயாவில், யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. அது யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். மீன் தூள் ஒரு கரண்டி, பச்சைச் சோயா மாவு ஒரு கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர், மூடி போட்ட பாட்டில். மஞ்சள் பூசிய ஈரத்தாளை மூடியில் மாட்டிவிடுங்கள். அரை மணி நேரத்தில் தாள் குங்கும நிறமானால் யூரியா இருக்கிறது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கிறதே, அதே சமாச்சாரம்.

25 ஜூன்

தூத்துக்குடி நண்பர் சரியாகப் பிடித்தார். பழைய மீன் தூளிலேயே அழுகல் அம்மோனியா இருக்கும், சோயா இல்லாமலும் தாள் சிவக்கலாம் என்கிறார். உண்மை. ஆகவே இரண்டு பாட்டில் வையுங்கள். ஒன்றில் சோயா மாவு, இன்னொன்றில் வேண்டாம். சோயா போட்டது மட்டும் சிவந்தால் யூரியா. இரண்டும் சிவந்தால் கெட்டுப்போன தூள், அதுவும் குட்டிக்கு ஆகாது.

இதே சோதனையைத் திருப்பிப் போட்டால் சோயா வெந்ததா என்று பார்க்கலாம். சோயாத் தூளில் உர யூரியாவைக் கலந்து அதே மஞ்சள் தாள். சடாரென்று சிவந்தால் சோயா சரியாக வேகவில்லை. யூரியேஸ் சாகாத சோயாவில் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் நொதியைத் தடுக்கும் பொருளும் சாகாமல் இருக்கும், குட்டிக்குப் புரதம் செரிக்காது. ஆய்வகத் தாளில் யூரியேஸ் 0.05 முதல் 0.20-க்குள் இருந்தால் நிம்மதி. ரொம்பக் கருகிச் சிவந்த சோயாவும் வேண்டாம், அதிகச் சூட்டில் முதலில் கெடுவது லைசின்தான்.

2 ஜூலை

கூட்டமாகக் கேள்விகள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு: வேண்டாம். காசிபால் என்ற நஞ்சு இருக்கிறது, பன்றியின் இதயத்தையும் நுரையீரலையும் அடிக்கும். ஆமணக்குப் புண்ணாக்கு: உரத்துக்கு மட்டும். தேங்காய்ப் புண்ணாக்கு: நார் அதிகம், புரதம் 20-தான், லைசின் போதாது. சினைப்பன்றிக்குப் போடுங்கள்.

அசோலா: படம் போட்டுக் கேட்ட அக்காவுக்கு. தொட்டி அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு கிலோ பச்சை அசோலாவில் 940 கிராம் தண்ணீர்தான். காய்ந்தது 60 கிராம், அதில் புரதம் 13, 14 கிராம். 8 கிலோக் குட்டியின் வயிறு எவ்வளவு சின்னது? தண்ணீரால் நிரப்ப வேண்டாம். தாய்ப்பன்றிக்குத் தாராளமாகக் கொடுங்கள்.

பன்னீர் (பால்கட்டி) கடைத் தெளிநீர்: லிட்டருக்குப் புரதம் 10 கிராமுக்குள்தான். ஆனால் பால் சர்க்கரை 45 கிராம் இருக்கும். அது குட்டி வயிற்றில் லாக்டிக் அமிலமாகி உதவி செய்யும். புரதமாகக் கணக்கில் எழுதாதீர்கள், அன்றன்றைக்குப் புதிதாகக் கிடைத்தால் கொடுங்கள்.

ஓட்டல் கழிவு: பெரிய பன்றிக்குக் கூட நன்றாகக் கொதிக்கவைத்துத்தான். 2020-இல் அசாமில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வந்ததிலிருந்து நான் அந்தப் பக்கமே போவதில்லை. குட்டிக்கு எந்த நாளும் இல்லை.

2 ஜூலை, இரவு

ஒரு கேள்வியை விட்டுவிட்டேன், அது முக்கியம். “லைசின் பொடி கெமிக்கல்தானே, இயற்கையாக வளர்க்கிறேன், போடலாமா?”

1956-இல் ஜப்பானில் மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். சர்க்கரையும் நைட்ரஜனும் கொடுத்தால் அது குளூட்டமிக் அமிலத்தைக் கொட்டும். அதன் வகைகளை வைத்தே கொஞ்ச நாளில் லைசினையும் எடுத்தார்கள். இன்றைக்கும் பெரிய தொட்டிகளில் கரும்புப் பாகையோ சோள மாவுச் சர்க்கரையையோ புளிக்கவைத்துத்தான் லைசின் வருகிறது. மாவு புளிப்பதற்கு அண்ணன் முறை. மெத்தியோனின் மட்டும் பெரும்பாலும் இரசாயன முறையில் செய்வது. குட்டியின் குடலுக்கு இரண்டும் ஒன்றுதான். வேண்டாம் என்றால் மீன் தூளையும் பால் பவுடரையும் கூட்டுங்கள், செலவு ஏறும். எது உங்கள் மனசுக்கு ஒப்புகிறதோ அதைச் செய்யுங்கள், லைசின் இல்லாமல் மட்டும் விடாதீர்கள்.

21 ஜூலை

ஈரோடு தம்பியின் ஆய்வகத் தாள் வந்துவிட்டது. புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் அதிகம். மீதி மூட்டைகளைத் தோட்டத்தில் புதைத்துவிட்டாராம். வேறு யாருக்காவது பாதி விலைக்கு விற்றிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். செய்யவில்லை. தம்பி, நல்ல காரியம்.

அப்படியானால் லைசின் குறைவா, நஞ்சா, எது குட்டிகளைக் கெடுத்தது? இரண்டும் என்றுதான் நினைக்கிறேன். எந்தப் பங்கு எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை. நான் 11-ஆம் தேதி அவ்வளவு உறுதியாக எழுதியிருக்கக் கூடாது.

22 ஜூலை

35 நாளில் பிரிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 28 நாளில் பிரித்தால் தாய் சீக்கிரம் பருவத்துக்கு வரும் என்று படித்து நானும் ஒரு வருடம் செய்தேன். சூடான அறை, பால் பவுடர் தீவனம், ஒழுங்கான கொட்டில் எல்லாம் இருந்தால் அது ஓடும். என்னிடம் ஓட்டுக்கூரைதான் இருக்கிறது. இப்போது 42 நாள். பன்றிப் பாலில் புரதம் 5 சதவீதத்துக்கு மேல், அமினோ அமிலங்கள் குட்டிக்கென்றே அளந்து வைத்த மாதிரி. அதைவிட நல்ல தீவனம் நான் கலக்கப் போவதில்லை. ஆனால் 12-ஆம் நாளிலிருந்தே, பால் குடிக்கும்போதே குட்டிக்கு வைக்கும் கிரீப் தீவனத்தைச் சின்னத் தட்டில் ஒரு கைப்பிடி வைத்துவிடுகிறேன். தின்பது கொஞ்சம்தான், சோயாவை முகர்ந்து பழகிவிடும்.

துத்தநாக ஆக்சைடு போட்டால் கழிச்சல் நிற்குமே என்றார் ஒருவர். நிற்கும், டன்னுக்கு மூன்று கிலோ போட வேண்டும். அவ்வளவும் சாணத்தோடு என் வயலுக்குத்தான் போகும். ஐரோப்பாவில் 2022 ஜூனோடு நிறுத்திவிட்டார்கள். நானும் நிறுத்திவிட்டேன்.

9 அக்டோபர்

இரண்டரை மாதம் இந்தப் பக்கம் வரவில்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இப்போது தேறிவிட்டார். இடையில் ஈரோடு தம்பி எடைக் கணக்கு அனுப்பியிருக்கிறார். புதிய ஈத்து, 42 நாளில் பிரித்தது, முதல் இரண்டு வாரம் 12 ஜூன் இரவுக் கலவை, பிறகு 35 கிலோ சோயாக் கலவை. 9 குட்டிகள். 70 நாளில் எட்டு குட்டிகள் 18-க்கும் 21-க்கும் நடுவில் நிற்கின்றன. ஒன்று மட்டும் 11 கிலோ. கழிச்சல் இரண்டு நாள் வந்து தானாக நின்றிருக்கிறது.

அந்த 11 கிலோக் குட்டியைப் பெரியவற்றோடு ஒரே தொட்டியில் விடாதீர்கள் தம்பி. தனியாகப் பிரித்து முதல் கலவையையே இன்னும் இரண்டு வாரம் கொடுங்கள். பிறந்தபோது அதன் எடை எவ்வளவு, மூன்றாம் நாள் இரும்புச் சத்து ஊசி போட்டீர்களா என்று எழுதுங்கள்.